இரத்தத்தில் இல்லாத மாத்திரை

"மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால், நடுவில் நான்கு நாள் விட்டுப்போயிருந்தாலும் "ஆமாம் டாக்டர்" என்றுதான் பெரும்பாலோர் சொல்வோம். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் இது நடப்பதுதான். அந்தச் சின்னப் பொய்யை யாரும் சரிபார்ப்பதில்லை. ஆனால் 2009இல் ஆப்பிரிக்காவில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, பெண்கள் அளித்த இதே பதிலை அவர்களுடைய இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அதில் தெரியவந்த சேதி எச்.ஐ.வி. தடுப்பின் போக்கையே மாற்றியது.

அந்த ஆய்வின் பெயர் வாய்ஸ். தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் எச்.ஐ.வி. தொற்று இல்லாத 5,029 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். தொற்று வருமுன்னே அதைத் தடுக்க ஒரு மருந்தைச் சிலர் மாத்திரையாக விழுங்கினார்கள். சிலருக்கு அது ஜெல்லாகத் தரப்பட்டது. மற்றவர்களுக்குக் கிடைத்தவை பார்வைக்கு அதே போலிருக்கும், மருந்தில்லாத போலி மாத்திரையும் போலி ஜெல்லும். முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. உண்மை மாத்திரை பெற்றவர்களுக்கும் போலி மாத்திரை பெற்றவர்களுக்கும் தொற்றில் சொல்லத்தக்க வேறுபாடே இல்லை. ஆண்டுக்கு நூறு பெண்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு எச்.ஐ.வி. வந்துவிட்டிருந்தது.

மருந்து உதவாது என்று அத்தோடு கைவிட்டிருக்கலாம். ஆனால் அதே மாத்திரை, அதே ஆண்டுகளில், பக்கத்திலேயே வெற்றி கண்டிருந்தது. கென்யாவிலும் உகாண்டாவிலும் 4,747 தம்பதியரிடம் நடந்த பார்ட்னர்ஸ் பிரெப் என்ற ஆய்வு அது. ஒவ்வொரு தம்பதியிலும் ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு, மற்றவருக்கு இல்லை. தொற்று இல்லாதவர் நாள்தோறும் மாத்திரை எடுத்துக்கொண்டார். டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின் என்ற இரு மருந்துகள் சேர்ந்த அந்த மாத்திரை தொற்றை 75 சதவீதம் குறைத்தது. உகாண்டா இரண்டு ஆய்விலும் இருந்த நாடு. ஓரிடத்தில் காத்த மாத்திரை இன்னோரிடத்தில் ஏன் காக்கவில்லை?

மாத்திரை உள்ளே என்ன செய்கிறது

விடை தேடுமுன், மாத்திரை செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. என்ற இழையில் வைத்திருக்கிறது. நம் எதிர்ப்பாற்றலை நடத்தும் வெள்ளணுக்களில் ஒரு வகைக்குள் அது புகுந்ததும், அந்தச் செய்தியை டி.என்.ஏ. இழையாகப் படியெடுத்து, நம் உயிரணுவின் மரபிழையோடு கலந்துவிடப் பார்க்கும். கலந்துவிட்டால் பிறகு அதை வெளியேற்ற வழியில்லை. தொற்று வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடும். ஆகவே படியெடுக்கும் நேரத்திலேயே அதை நிறுத்தியாக வேண்டும்.

பூக்கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கூடையிலிருந்து ஒவ்வொரு பூவாக எடுத்து, காம்பைப் பிடித்துக் கட்டினால்தான் சரம் நீளும். வைரசின் படியெடுப்பு நொதியும் இப்படித்தான், உயிரணுவில் கிடக்கும் சிறு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்து டி.என்.ஏ. சரத்தைத் தொடுக்கிறது. டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் அந்தக் கூடையில் கலந்த, காம்பில்லாத பூக்கள். பார்ப்பதற்கு மற்ற பூக்களைப் போலவே இருப்பதால் நொதி ஏமாந்து எடுத்துச் சேர்த்துவிடும். ஆனால் அடுத்த பூவைக் கட்ட அதில் பிடி இல்லை. சரம் அங்கேயே நின்றுவிடும். படி முடியாததால் வைரஸ் நம் மரபிழையில் இடம்பிடிக்க முடியாமல் அழியும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வைரஸ் வந்து சேரும் நேரத்தில் காம்பில்லாப் பூக்கள் கூடையில் ஏற்கெனவே போதிய அளவு இருக்க வேண்டும். அதனால்தான் இதற்கு முன்தடுப்பு மருந்து என்று பெயர்; உலகெங்கும் சுருக்கமாகப் பிரெப் என்கிறார்கள். சில நாள் விட்டாலே உயிரணுக்களில் மருந்தின் அளவு இறங்கத் தொடங்கும். இந்த மருந்தின் வெற்றி அன்றாட ஒழுங்கில் இருக்கிறது.

சொல்லும் இரத்தமும்

வாய்ஸ் ஆய்வில் அந்த ஒழுங்கு எப்படி இருந்தது? அதை அறிய மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பெண்களிடமே கேட்பது. பத்தில் ஒன்பது பங்கு மருந்தை எடுத்துக்கொண்டதாக அவர்கள் சொன்னார்கள். இரண்டாவது, திரும்பக் கொண்டுவந்த குப்பியில் மீந்திருந்தவற்றை எண்ணுவது. அந்தக் கணக்கும் 86 சதவீதம் என்று காட்டியது. மூன்றாவது, சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளில் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. மாத்திரை பெற்றவர்களின் இரத்த மாதிரிகளில் மருந்து தென்பட்டது பத்தில் மூன்றில் மட்டுமே.

முந்தைய இரண்டு கணக்கும் பெண்களின் கையில் இருந்தவை. மாத்திரையைக் குப்பியிலிருந்து எடுத்துக் கொட்டிவிட்டால் எண்ணிக்கை சரியாகிவிடும். இரத்தத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது. மருந்தே போகாத உடலில் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வதில் பொருளில்லை என்று அப்போது விளங்கியது.

ஆனாலும் ஓர் ஐயம் மிஞ்சுகிறது. பெண்ணுடலில் இந்த மருந்துக்கே வலு குறைவு என்றிருந்தால்? அதற்கான விடை பார்ட்னர்ஸ் பிரெப் ஆய்விலேயே கிடைத்தது. அங்கே மாத்திரை எடுத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் தொற்று தெளிவாகக் குறைந்தது. அந்த ஆய்வின் இரத்த மாதிரிகளில் ஐந்தில் நான்கில் மருந்து இருந்தது.

இன்னொரு சான்று 2010இல் வெளியான ஐபிரெக்ஸ் ஆய்வு. ஆறு நாடுகளில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கையருமாக 2,499 பேர் அதில் இருந்தார்கள். போலி மாத்திரைக் குழுவில் 64 பேருக்கும் உண்மை மாத்திரைக் குழுவில் 36 பேருக்கும் தொற்று வந்தது. அதாவது 44 சதவீதக் குறைவு. ஆனால் இரத்தத்தில் மருந்து தென்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பாதுகாப்பு 92 சதவீதமாக உயர்ந்தது. ஒழுங்காக மாத்திரை எடுப்பவர் மற்ற விஷயங்களிலும் கவனமானவராக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். இதைச் சோதிக்க அடுத்து வந்த ஆய்வு, சிவப்பணுக்களில் பல வாரம் தங்கும் மருந்துத் தடயத்தை அளந்தது. ஒரு துளி இரத்தத்தைத் தாளில் உலரவைத்து, வாரத்துக்கு எத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று கணித்தார்கள். மாத்திரை கூடக்கூடத் தொற்று படிப்படியாகக் குறைந்தது. வாரத்துக்கு நான்கோ அதற்கு மேலோ எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை.

ஆகவே இரண்டு அளவுகளைப் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டும். ஒன்று, உடலுக்குள் போன மருந்து எவ்வளவு காக்கும் என்ற மருந்துத்திறன். மற்றது, மனிதர்கள் வாழும் வாழ்க்கையில் அது எவ்வளவு காத்தது என்ற நடைமுறைப் பலன். வாய்ஸ் ஆய்வில் முதலாவதில் குறையில்லை; இரண்டாவது சுழியாகிவிட்டது. நடுவில் எதுவோ மருந்தைத் தின்றுவிட்டது.

ஏன் விழுங்கவில்லை

இதைப் பெண்களின் பொறுப்பின்மை என்று முடிவு கட்டுவது எளிது. ஆய்வாளர்கள் அப்படிச் செய்யாமல் அவர்களிடமே திரும்பிப் போனார்கள். வாய்ஸ் முடிந்தபின் நடந்த தொடர் ஆய்வில், முன்பு பங்கேற்ற பெண்கள் சிலருக்கு அவர்களுடைய இரத்த முடிவுகளைக் காட்டி, குற்றம் சாட்டாமல் பேச வைத்தார்கள். அதன்பின்தான் பலர் மனம் திறந்தார்கள்.

காரணம் ஒன்றாக இருக்கவில்லை. பக்கவிளைவுக்குப் பயந்தவர்கள் உண்டு. பலிக்குமா என்றே தெரியாத மாத்திரையை நல்ல உடம்போடு ஏன் நாள்தோறும் விழுங்க வேண்டும் என்று தயங்கியவர்கள் உண்டு. கென்யா, தான்சானியா, தென்னாப்பிரிக்காவில் நடந்து இதே போலத் தோற்ற ஃபெம்பிரெப் ஆய்வில், தங்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு மிகக் குறைவு அல்லது இல்லை என்று நம்பிய பெண்கள் சுமார் 70 சதவீதம். இவையெல்லாம் உண்மையான காரணங்கள்தாம். ஆனால் இவற்றினூடே ஓர் அச்சம் மீண்டும் மீண்டும் வந்தது. டெனோஃபோவிர் எச்.ஐ.வி. உள்ளவர்களின் சிகிச்சைக்கும் தரப்படும் மருந்து. அந்த மாத்திரைக் குப்பி வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால், இவளுக்கு நோய் இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். துணைவன் சந்தேகப்படுவான். மாமியாரும் அக்கம்பக்கத்தாரும் பேசுவார்கள். நோய் வராமல் காக்கும் மாத்திரையே நோயாளி என்ற பெயரைத் தேடித் தந்துவிடும்.

இதைத்தான் சமூகவியல் களங்கம் என்கிறது. 1963இல் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். ஒரு மனிதரிடம் உள்ள ஓர் அடையாளத்தைக் கொண்டு அவரை முழுவதுமாக மதிப்பிறக்குவதுதான் களங்கம். எச்.ஐ.வி. ஆய்வாளர்கள் இதை மூன்றாகப் பிரித்து அளக்கிறார்கள். வேலையிலிருந்து நீக்குவது, மருத்துவமனையில் தொட மறுப்பது போன்று வெளியே நடப்பது செயற்களங்கம். யாராவது அப்படி நடத்திவிடுவார்களோ என்று முன்கூட்டியே பயப்படுவது எதிர்பார்ப்புக் களங்கம். ஊர் சொல்வதை நம்பித் தன்னையே இழிவாக எண்ணுவது உட்களங்கம். வாய்ஸ் ஆய்வில் மாத்திரையைத் தடுத்தவற்றில் இரண்டாவதின் பங்கு பெரிது. யாரும் எதுவும் செய்யாமலே, செய்வார்கள் என்ற பயமே போதுமானதாக இருந்தது.

பார்ட்னர்ஸ் பிரெப்பில் இந்தப் பயத்துக்கு இடம் குறைவு. வீட்டில் எச்.ஐ.வி. இருப்பது இருவருக்கும் முன்பே தெரியும். மாத்திரையை ஒளிக்க வேண்டியதில்லை. ஒருவருக்கொருவர் நினைவூட்டவும் முடியும். வாய்ஸ் ஆய்விலோ மாத்திரையை மிகக் குறைவாக எடுத்தவர்கள் 25 வயதுக்குட்பட்ட, மணமாகாத பெண்கள். தொற்று மிக அதிகமாக வந்ததும் அவர்களுக்குத்தான். ஒளிந்து வாழ வேண்டியவர்களுக்கே ஆபத்து அதிகம், அவர்களுக்கே மருந்தும் எட்டாது என்ற கொடிய பொருத்தம் அங்கே இருந்தது.

மாதங்களுக்கு ஒருமுறை

அன்றாடம் ஒளிப்பதுதான் சிக்கல் என்றால், அன்றாடம் என்பதை எடுத்துவிட்டால் என்ன? கேபோடெக்ராவிர் என்ற ஊசி மருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடப்படுவது. ஆப்பிரிக்காவில் 3,224 பெண்களிடம் அதைத் தினசரி மாத்திரையோடு ஒப்பிட்டபோது, ஊசிக் குழுவில் 4 பேருக்கும் மாத்திரைக் குழுவில் 36 பேருக்கும் தொற்று வந்தது.

அடுத்து வந்தது லெனகபாவிர். எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை ஒரு புரத உறைக்குள் பொதிந்து வைத்திருக்கிறது. அந்த உறை சரியான நேரத்தில், சரியான இடத்தில் பிரிய வேண்டும். புதிய வைரஸ் உருவாகும்போது சரியாகக் கட்டப்படவும் வேண்டும். லெனகபாவிர் உறையின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டையும் குலைத்துவிடும். வயிற்றுத் தோலுக்கடியில் போட்ட ஊசியிலிருந்து மருந்து மெல்லக் கசிந்து ஆறு மாதம் தாங்குகிறது. 2024இல் வெளியான பர்ப்பஸ் 1 ஆய்வில், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையுள்ள பெண்களுக்கு இதைப் போட்டார்கள். ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. ஒரு வகைத் தினசரி மாத்திரை பெற்ற 2,136 பேரில் 39 பேருக்கும், பழைய வகை மாத்திரை பெற்ற 1,068 பேரில் 16 பேருக்கும் தொற்று வந்தது. மாத்திரைக் குழுக்களில் மருந்தொழுங்கு இம்முறையும் குறைவாகவே இருந்தது. வாய்ஸ் காட்டிய உண்மை பத்தாண்டுக்குப் பின்னும் மாறவில்லை. மாறியது மருந்தைச் சேர்க்கும் வழி மட்டும்.

2025 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் இந்த ஊசியைப் பரிந்துரைத்தது. இதன் பொதுப்பெயர் மருந்தைத் தயாரிக்க உரிமம் பெற்றவற்றில் இந்திய நிறுவனங்களும் இருக்கின்றன.

கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

இங்கே நின்று மகிழ்ந்துவிடத் தோன்றும். ஆனால் ஊசி களங்கத்தைத் தாண்டிச் செல்கிறதே ஒழிய, அதை அழிக்கவில்லை. மாத்திரையை வீட்டில் ஒளிக்க வேண்டியதில்லை என்பது சரி. ஊசி போட்டுக்கொள்ள ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரு மருத்துவமனைக்குள் நுழைய வேண்டுமே. பதினெட்டு வயதுப் பெண் இந்த ஊசியைக் கேட்டால், இந்த வயதில் உனக்கெதற்கு என்று செவிலியர் முகம் சுளித்தால், அவள் மறுமுறை வருவாளா? பாலியல் தொழிலாளிக்கும் திருநங்கைக்கும் வரிசையில் நிற்கும்போதே மற்றவர் பார்வை ஒரு தடை. ஒருபாலுறவைக் குற்றமாக்கிய நாட்டில், இந்த மருந்து வேண்டும் என்று சொல்வதே வாக்குமூலம் கொடுப்பதற்குச் சமம்.

சட்டத்தின் விளைவையும் அளந்திருக்கிறார்கள். சகாராவுக்குத் தெற்கே பத்து நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒருபாலுறவு குற்றமாக இருக்கும் நாடுகளில் வாழும் ஒருபாலீர்ப்பு ஆண்களிடையே எச்.ஐ.வி. இருக்கும் வாய்ப்பு, குற்றமாக இல்லாத நாடுகளைவிட ஐந்து மடங்கு. அண்மையில் வழக்குகளும் நடந்த நாடுகளில் அது 12 மடங்கு. நாடுகளுக்கிடையே வேறு வேற்றுமைகளும் உண்டு என்பதால் முழுப்பழியையும் சட்டத்தின் மேல் போட முடியாது. இருந்தாலும் மருந்தின் பாதையில் சட்டம் எங்கே குறுக்கிடும் என்று மேலே பார்த்தோம்; இந்த எண்கள் அதோடு பொருந்துகின்றன.

நிதியும் அப்படித்தான். உலகிலேயே எச்.ஐ.வி. தடுப்புக்கு மிக அதிகம் செலவிட்டுவந்த அமெரிக்காவின் திட்டம் 2025 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டு, பகுதியளவு திரும்பத் திறந்தபோது, அந்தப் பணத்தில் முன்தடுப்பு மருந்து கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டுமே என்று சொல்லப்பட்டது. தாய்மார்களுக்குக் கிடைக்கட்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் பாலியல் தொழிலாளியும் திருநங்கையும் ஒருபாலீர்ப்பு ஆணும் ஒரே உத்தரவில் வெளியே தள்ளப்பட்டார்கள். யாருடைய உயிர் காக்கத்தக்கது என்று வைரஸ் பார்ப்பதில்லை, மனிதர்கள்தாம் பார்க்கிறோம்.

மரியாதையைச் சோதித்துப் பார்த்தவர்கள்

களங்கத்தைக் குறைக்க முடியுமா? அதற்கும் சோதனை உண்டு, அது நம் நாட்டிலேயே நடந்தது. 1992இல் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய திட்டம், பாலியல் தொழிலாளிகளையே சக கல்வியாளர்களாக வேலைக்கு எடுத்தது. அவர்களே வீடு வீடாகப் போய் ஆணுறை பற்றிப் பேசினார்கள். காவல்துறையின் தொல்லை, பிள்ளைகளின் படிப்பு, வட்டிக்கடன் என்று அவர்கள் முதலில் வைத்த கவலைகளையும் திட்டம் தன் வேலையாக ஏற்றுக்கொண்டது. சொற்பமாக இருந்த ஆணுறைப் பயன்பாடு சில ஆண்டுகளில் பெரும்பான்மையாயிற்று.

இது அந்த இடத்துக்கே உரிய தனி வெற்றியாக இருக்கலாம் அல்லவா? அதனால் இரண்டு சிறு ஊர்களில் ஒப்பீடு செய்தார்கள். ஒன்றில் சோனாகாச்சி முறை, மற்றதில் வழக்கமான மருத்துவச் சேவை. 2004இல் வெளியான முடிவின்படி, முதல் ஊரில் ஆணுறைப் பயன்பாடு 39 சதவீதம் கூடியது. மற்றதில் 11 சதவீதம் மட்டுமே. இரண்டு ஊரிலும் ஆணுறை ஒன்றுதான். கூடுதலாகத் தரப்பட்டவை மரியாதையும், கூட்டாக நின்று பேரம் பேசும் பலமும்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் பழைய இடம் உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அவை பாலியல் தொழிலாளிகளுடைய இரத்தம். அந்தக் கண்டுபிடிப்பு நாட்டுக்கு எச்சரிக்கை தந்தது. அதோடு, இது அவர்களுடைய நோய் என்ற எண்ணமும் நம் மனத்தில் ஊன்றிவிட்டது. இன்னார் நோய் என்று ஒதுக்கியதால் மற்றவர்கள் தங்களுக்கு ஆபத்தில்லை என்று நினைத்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் மருத்துவமனைப் பக்கம் வரப் பயந்தார்கள். இரண்டுமே வைரசுக்கு வசதி. 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், இசைவில்லாமல் பரிசோதிப்பதையும் தொற்றைக் காரணம் காட்டி வேலை, கல்வி, மருத்துவம் மறுப்பதையும் தடைசெய்கிறது. அந்தச் சட்டத்தை ஒரு மனித உரிமை ஆவணமாக மட்டும் படிக்காமல் தடுப்பு மருத்துவத்தின் பகுதியாகவும் படிக்க வேண்டும்.

பிரெப் ஆய்வுகள் கற்பித்த பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். களங்கம் மருந்தின் அளவைக் குறைக்கிறது, அந்தக் குறைவு இரத்தத்தில் தெரிகிறது. அளக்க முடிந்த ஒன்றைக் கவனிப்பது மருத்துவத்தின் கடமை. புதிய ஊசி நாடுகளுக்கு வந்து சேரும்போது, முதல் ஊசி எத்தனை பேருக்குப் போட்டோம் என்ற கணக்கை அரசுகள் பெருமையோடு வெளியிடும். நாம் கேட்க வேண்டியது அடுத்த எண்ணை: ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? மருந்தின் திறன் ஆய்வில் நிறுவப்பட்டுவிட்டது. திரும்பி வருபவர்களின் எண்ணிக்கை, முதல்முறை வந்தபோது அவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதைக் காட்டும். அந்த எண்ணை உயர்த்தச் செவிலியருக்குப் பயிற்சியும், கேள்வி கேட்காத கதவுகளும், அச்சுறுத்தாத சட்டமும், அந்தச் சமூகங்களிலிருந்தே வந்த பணியாளர்களும் வேண்டும். இவற்றையும் மருந்துச் செலவின் கணக்கிலேயே சேர்த்து எழுத வேண்டும்.